முதலில் மோட்டாரைக் கையால் தள்ளிப் பாருங்கள்: சின்னப் படகுக்குப் புது ஸ்டியரிங் மாட்டிய கதை

போன ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தூத்துக்குடி முயல்தீவுக்குத் தெற்கே என் படகு ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. இடது பக்கம் திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வரவில்லை. நானும் மச்சானும் சேர்ந்து சக்கரத்தைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தோம். இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் சக்கரம் கையோடு வந்திருக்கும். கச்சான் ஏற ஆரம்பித்திருந்த நேரம். எங்கள் பக்கம் கச்சான் என்றால் கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற மேல்காற்று. மோட்டாரை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்தால் படகு வீட்டுப் பக்கம் வராது, இலங்கைப் பக்கம்தான் போகும். நல்லவேளையாகத் திரேஸ்புரத்து வள்ளம் ஒன்று கயிறு போட்டு இழுத்து வந்தது.

கரைக்கு வந்ததும் அந்த வள்ளத்துப் பெரியவர் என்னிடம் ஒரு ஸ்பானர் கேட்டார். மோட்டாரையும் ஸ்டியரிங் கேபிளையும் இணைக்கிற கம்பியின் போல்ட்டைக் கழற்றினார். மோட்டாரை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் தள்ளினார். அப்புறம் கேபிளின் முனையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"மோட்டாரும் முக்குது, கம்பியும் செத்துப்போச்சு. சக்கரம் என்ன தம்பி பாவம் பண்ணுச்சு?"

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்றதும் நாம் சக்கரத்தைப் பார்க்கிறோம், ஏனென்றால் கை அங்கேதான் இருக்கிறது. நோய் பெரும்பாலும் படகின் கடைசியில், மோட்டார் பக்கம் இருக்கும். அதைப் பார்க்காமல் எவ்வளவு விலை கொடுத்துப் புதுசு வாங்கி மாட்டினாலும், மூன்று வருஷம் கழித்து என்னைப்போல வட்டமடிப்பீர்கள். மூன்று வருஷம் என்று கணக்காகச் சொல்லக் காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

என் படகு 17 அடி ஃபைபர். வலது பக்கம் ஒரு சின்ன கன்சோல், அதில் சக்கரம். பின்னால் 40 குதிரைத்திறன் யமஹா, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். மீன்பிடித் தொழிலுக்கு இல்லை, லீவு நாளில் தூண்டில் போடத்தான். இந்த அளவுப் படகுக்கு நான் சொல்வது பொருந்தும். இரட்டை மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இல்லை.

சோதனை முதலில்

இணைப்புக் கம்பியைக் கழற்றுங்கள். மோட்டாரை ஒரு கையால் தள்ளுங்கள். 40 குதிரைத்திறன் மோட்டார் ஒரு கைக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சீராகப் போக வேண்டும். முக்கினால் மோட்டார் திரும்புகிற அச்சில் கிரீஸ் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அச்சின் பக்கத்தில் கிரீஸ் நிப்பிள் இருக்கும். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை கிரீஸ் கன்னால் அடியுங்கள். அடிக்கும்போது இன்னொருவர் மோட்டாரை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சில மோட்டார்களில் திருப்பத்தை இறுக்கி வைக்க ஒரு ஸ்குரூவோ சின்ன நெம்புகோலோ உண்டு. கைப்பிடியால் ஓட்டுபவர்கள் கை விட்டால் மோட்டார் ஆடாமல் இருக்க அதை இறுக்கி வைப்பார்கள். சக்கரம் மாட்டிய படகில் அது தளர்ந்திருக்க வேண்டும். முந்தைய சொந்தக்காரர் இறுக்கி வைத்ததை அப்படியே விட்டுவிட்டு ஸ்டியரிங்கைத் திட்டுகிறவர்கள் உண்டு.

கம்பி கழன்ற நிலையிலேயே சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். இரண்டு விரலுக்குச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் கேபிளோ, கேபிளின் முனைத் தண்டோ, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஹெல்ம் பெட்டியோ பழுது. மூன்றில் அடிக்கடி சாவது முனைத் தண்டு. அது 5/8 அங்குலத் தடிமனுள்ள ஸ்டெயின்லெஸ் கம்பி. மோட்டாரைத் தூக்கும்போது எந்தக் குறுக்குக் குழாயில் மோட்டார் சுழல்கிறதோ, அதே டில்ட் குழாய்க்குள்தான் இந்தத் தண்டு போய் வருகிறது. தண்ணீரை ஒட்டிய இடம். உப்புத் தண்ணீர் உள்ளே போகும், கிரீஸ் காயும், தண்டு பிடித்துக்கொள்ளும். என்னுடையதில் அச்சும் காய்ந்திருந்தது, தண்டும் பிடித்திருந்தது. ஹெல்ம் பெட்டி பழசானாலும் உயிரோடுதான் இருந்தது.

கேபிள் உறைக்குள் எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். உள்ளே ஓடும் கம்பி உறைக்குள் மூடி வருவது. வெளியிலிருந்து எண்ணெய் ஊற்றிப் பராமரிக்கிற சாமான் இல்லை. உள்கம்பி இறுகினாலோ, உறை வெடித்துத் துரு வெளியே கசிந்தாலோ மாற்றுவதைத் தவிர வழி கிடையாது.

எதை வாங்குவது

நான் போன கடையில் எடுத்த எடுப்பில் ஹைட்ராலிக் என்றார்கள். மறுக்கவில்லை, அது அருமையான சாமான். சக்கரத்தின் பின்னால் ஒரு பம்பு, மோட்டாரில் ஒரு சிலிண்டர், நடுவில் இரண்டு ஹோஸ், உள்ளே எண்ணெய். சுண்டுவிரலால் ஓட்டலாம். ஆனால் விலை கேபிள் வகையைப்போல மூன்று நான்கு மடங்கு. காற்றுக் குமிழி எடுக்க வேண்டும், சீல் கசிந்தால் உதிரி வரும்வரை படகு கரையில் கிடக்கும். முன்பக்கம் மாட்டுகிற சிலிண்டருக்கும் தாங்கு கம்பி அதே டில்ட் குழாய் வழியாகத்தான் போகிறது. ஆக, துருவேறிய தண்டைப் பிடுங்கி எடுக்கிற வேலையிலிருந்து ஹைட்ராலிக்கும் உங்களைக் காப்பாற்றாது. 90, 115 குதிரைத்திறன் என்றால் நானே ஹைட்ராலிக்தான் சொல்வேன். 40-க்கும் 60-க்கும் நல்ல கேபிள் போதும்.

கேபிளிலேயே இரண்டு விதம். சாதாரண ரோட்டரி ஹெல்மில் மோட்டார் தள்ளுகிற விசை அப்படியே சக்கரத்துக்கு வரும். புரொப்பெல்லர் சுழற்சியால் மோட்டார் எப்போதும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். கையை எடுத்தால் படகு தானாகத் திரும்பும். 'நோ ஃபீட்பேக்' வகையில் பெட்டிக்குள் ஒரு கிளட்ச் இருக்கிறது. நீங்கள் சுற்றினால் மோட்டார் திரும்பும், மோட்டார் தள்ளினால் சக்கரம் அசையாது. தூண்டில் போட்டு மெதுவாக இழுத்துக்கொண்டு போகிற எனக்கு ஒரு கை எப்போதும் கம்பில் இருக்கும் என்பதால் இதைத்தான் எடுத்தேன். ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: இது இழுப்பைக் கைக்கு வராமல் தடுக்குமே தவிர, இறுகிப்போன மோட்டாரை இலகுவாக்காது.

கைப்பிடி மோட்டாரைச் சக்கரத்துக்கு மாற்ற நினைப்பவர்களுக்கு: ஸ்டியரிங் சின்னச் செலவு. கியருக்கும் திராட்டிலுக்கும் ரிமோட் பெட்டி, இரண்டு கேபிள், கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிட்சு, கையில் மாட்டுகிற நிறுத்து கயிறு (ஆள் தவறி விழுந்தால் மோட்டாரை அணைப்பது) எல்லாம் சேர்ந்து அதைவிட அதிகம் ஆகும். உங்கள் மாடலுக்கு ரிமோட் கிட் உண்டா, டில்ட் குழாய் இரண்டு முனையும் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அளவு: நான் ஏமாந்த இடம்

மூன்று வருஷத்துக்கு முன் இதே படகில் கேபிள் மாற்றினேன். பழைய கேபிளின் உறையில் எண் அச்சிட்டிருந்தது. அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் அடிக்கணக்கு, அதில் 12 என்று இருந்தது. டேப்பை எடுத்தும் பார்த்தேன். ரோட்டரி கேபிளில் பிளாஸ்டிக் உறையின் நீளத்தோடு 18 அங்குலம் கூட்டினால் கேபிளின் கணக்கு வரும். உறை 126 அங்குலம், கூட்டினால் 144, சரியாக 12 அடி. ரொம்பப் பெருமையாக 12 அடி வாங்கி மாட்டினேன். முதல் நாளிலிருந்தே சக்கரம் கனம். புதுசு, பழகினால் சரியாகும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பழைய கேபிளே குட்டை என்று அப்போது தோன்றவில்லை. யாரோ ஒருவர் கடையில் இருந்ததை வாங்கி மாட்டிய தப்பை நான் எண் பார்த்து அப்படியே காப்பி அடித்திருக்கிறேன். அதனால் பழைய கேபிளை அளந்தாலும், படகையும் அளங்கள்.

சக்கரத்தின் மையத்திலிருந்து படகின் பக்கச் சுவர் வரை ஓர் அளவு. அங்கிருந்து மோட்டார் மாட்டியிருக்கும் கடைசிப் பலகை வரை இரண்டாவது. அந்த மூலையிலிருந்து டில்ட் குழாயின் நடு வரை மூன்றாவது. என் படகில் 14, 102, 34 அங்குலம், கூட்டினால் 150. கேபிள் மூலையில் செங்கோணமாக மடங்காது, வளைந்து குறுக்கே போகும். அதனால் ஒவ்வொரு செங்கோணத் திருப்பத்துக்கும் 4 அங்குலம் கழிக்க வேண்டும். எனக்கு இரண்டு திருப்பம், 8 போனால் 142. தண்டு டில்ட் குழாய்க்குள் போகிற வகை என்பதால் 6 அங்குலம் கூட்ட வேண்டும். 148 அங்குலம். 12 அடி என்பது 144. நாலே அங்குலம்தான் பற்றாக்குறை! ஆனால் அந்த நாலு அங்குலத்துக்காகக் கடைசி மூலையில் கேபிள் விறைத்துக்கொண்டு கூரான வளைவில் நின்றிருக்கிறது. அடுத்த முழு அடிக்கு ஏற்றி வாங்குவதுதான் முறை. எனக்கு வேண்டியது 13 அடி.

வளைவின் ஆரம் 8 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. 16 அங்குலத் தாம்பாளத்தின் விளிம்பை ஒட்டி வளைத்தால் எப்படி இருக்குமோ, அதைவிட இறுக்கமாக எங்கேயும் வரக் கூடாது. நான் வீட்டுத் தாம்பாளத்தை எடுத்துப்போய்ப் படகில் வைத்தே பார்த்தேன். அம்மா அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. எச்சரிக்கையாக இரண்டு அடி கூட்டி வாங்குவதும் தப்பு. மிச்சம் சுருண்டு நிற்கும். ஒவ்வொரு சுருளும் உரசல்தான்.

பிடித்துக்கொண்ட தண்டை எடுப்பது

முழு வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போனது. இரண்டு சாயங்காலம்.

பெட்ரோல் டாங்கியை இறக்கிக் கரையில் வைத்தேன், பேட்டரி ஒயரைக் கழற்றினேன். குழாயின் வலது முனையில் கேபிளைப் பிடித்திருக்கும் பெரிய நட்டைத் தளர்த்தினேன். ஸ்டியரிங் இடது பக்கம் திரும்பிய நிலையில் பிடித்துக்கொண்டதால் தண்டு அநேகமாக முழுக்க உள்ளே இருந்தது. இடது பக்கம் இரண்டு விரல் அளவுதான் வெளியே. இரண்டு முனையிலும் துருவிளக்கி ஸ்பிரே அடித்து ஒரு ராத்திரி ஊற விட்டேன்.

மறுநாள் சுத்தியலை எடுத்து வெளியே இருந்த முனையில் நேராக ஒரு போடு போட்டேன். செய்யாதீர்கள். தண்டின் முனை காளான் குடை மாதிரி விரிந்துவிட்டது. விரிந்த முனை குழாய்க்குள் எப்படிப் போகும்? அரத்தால் அதை ராவிச் சரிபண்ணவே முக்கால் மணி நேரம். அப்புறம்தான் லேத் பட்டறை அண்ணாச்சியிடம் போனேன். அவர் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூலையிலிருந்து 14 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பித் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தண்டு கிட்டத்தட்ட 16 மில்லிமீட்டர். அதனால் 14 பின்னாலேயே குழாய்க்குள் நுழைந்து தள்ளும், பித்தளை என்பதால் எஃகைக் காயப்படுத்தாது.

"அடிக்காதீங்க தம்பி, தட்டுங்க. நூறு தடவை தட்டினா ஒரு அடிக்குச் சமம்."

நெருப்புக் காட்ட எனக்குத் தைரியம் இல்லை, காட்டவும் கூடாது. சுற்றிலும் பெட்ரோல் நெடி. கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்துக் குழாய்மேல் மெதுவாக ஊற்றினேன். மூன்றாவது கெட்டிலில் குழாய் முனையில் பழுப்பாக ஏதோ இளகியது. பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டினேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு சத்தம் மாறியது. அதுவரை 'டங் டங்' என்று கெட்டியாகக் கேட்டது 'டொக்' என்று மந்தமானது. தண்டு ஒரு நூல் அளவு நகர்ந்திருந்தது. நகர்ந்ததும் திரும்ப ஸ்பிரே, திரும்ப வெந்நீர், திரும்பத் தட்டல். இருட்டுகிற நேரத்தில் வலது பக்கமாக முழுசும் வெளியே வந்தது. அதில் அப்பியிருந்த கிரீஸைப் பார்த்தால் முதலூர் மஸ்கோத் அல்வா மாதிரி கருத்து, நகத்தால் கீறினால் துண்டாக உரிந்தது. மூன்று வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் புது கிரீஸ் அடிக்காததன் விளைவு அது.

குழாயின் உட்பக்கத்தைச் சுத்தம் பண்ண, ஒரு மெல்லிய கம்பியின் முனையில் வாளால் பிளவு போட்டு, அதில் உப்புத்தாளைச் செருகிச் சுற்றி, டிரில்லில் மாட்டி ஓட்டினேன். ஓட்டுவது, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைப்பது, திரும்ப ஓட்டுவது. துணி வெள்ளையாக வரும்வரை. கடைசிப் பரீட்சை: புதுத் தண்டை கிரீஸ் இல்லாமல் உள்ளே விட்டு ஒரு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் போக வேண்டும். எங்காவது உரசினால் இன்னும் வேலை பாக்கி.

மாட்டுவது

சக்கரத்தைக் கழற்றும்போது நடு நட்டை முழுசாக எடுத்துவிடாதீர்கள். சில திருகு பாக்கி வைத்துவிட்டு, சக்கரத்தை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டே அச்சு முனையில் மரத்துண்டு வைத்துத் தட்டுங்கள். நட்டு முழுசாகக் கழன்றிருந்தால் சக்கரம் திடீரென்று விட்டு உங்கள் மூக்கில் வந்து இறங்கும். பழைய சக்கரம் பெரும்பாலும் புதுப் பெட்டிக்கும் பொருந்தும். முக்கால் அங்குலக் கூம்பு அச்சுதான் பரவலான அளவு.

புதுப் பெட்டியோடு, ஓட்டை போடுகிற இடத்தைக் குறிக்க ஒரு காகித மாதிரி வரும். ஓட்டை போடுமுன் டாஷ்போர்டின் பின்னால் போதிய ஆழம் இருக்கிறதா என்று கையை விட்டுப் பாருங்கள். என் பழைய ஓட்டை சின்னது, பெரிதாக்க வேண்டியிருந்தது. ஃபைபரின் மேல்பூச்சு சில்லுச் சில்லாகப் பெயரும். அதைத் தடுக்க மேலே டேப் ஒட்டி, டிரில்லை ரிவர்ஸில் ஓட்டி மேல்பூச்சை முதலில் தேய்த்து எடுத்துவிட்டு, பிறகு நேராக ஓட்டினேன். உள்ளே பிளைவுட் தெரிந்தால் ஓட்டையின் விளிம்பு முழுக்க ரெசின் பூசிக் காயவிடுங்கள். பிளைவுட் தண்ணீர் குடித்தால் டாஷ்போர்டே ஊதும்.

கேபிளைப் பெட்டியில் மாட்டிய பிறகு பெட்டியை டாஷ்போர்டில் இறுக்குவது சுலபம். கன்சோலுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருட்டில் கிளிப் தேட வேண்டியதில்லை. கேபிள் பெட்டியின் எந்தப் பக்கம் நுழைய வேண்டும் என்பது முக்கியம். மாறிப்போனால் சக்கரத்தை வலது பக்கம் சுற்றினால் படகு இடது பக்கம் போகும். எல்லாவற்றையும் இறுக்குமுன் ஒரு தரம் பாருங்கள்: சக்கரத்தை வலது பக்கம் சுற்றினால், மோட்டாரின் புரொப்பெல்லர் பக்கமும் வலப்புறமே போக வேண்டும். கைப்பிடியில் பழகியவர்களுக்கு இது குழப்பும். அவர்கள் கைப்பிடியை இடது பக்கம் தள்ளித்தான் படகை வலது பக்கம் திருப்புவார்கள். என்னை இழுத்து வந்த அந்தப் பெரியவரே பின்னால் ஒரு நாள் என் சக்கரத்தைப் பிடித்துவிட்டு, நேரே பக்கத்து வள்ளத்தின்மேல் விடப் பார்த்தார்.

கேபிளைப் பக்கச் சுவரோடு இரண்டு மூன்று அடிக்கு ஒரு கிளாம்ப் போட்டுப் பிடியுங்கள். படகடியில் தேங்குகிற தண்ணீரில் கிடக்கக் கூடாது. பெட்ரோல் குழாயோடு சேர்த்துக் கட்டவும் கூடாது. மோட்டாருக்குக் கிட்டே மட்டும் தளர்வாக விடுங்கள். மோட்டாரைத் தூக்கும்போது கேபிளும் கூட வர வேண்டும்.

தண்டு முழுக்கவும் டில்ட் குழாய்க்குள்ளும் மரைன் கிரீஸ் தடவிச் செருகி, பெரிய நட்டை இறுக்கினேன். பிறகு இணைப்புக் கம்பி. இதன் போல்ட்டும் நைலாக் நட்டும் கிட்டோடு வருவதையே போட வேண்டும். ஹார்டுவேர் கடையில் அதே அளவில் பளபளவென்று கிடைக்கும், வாங்காதீர்கள். ஒரு தரம் கழற்றிய நைலாக் நட்டைத் திரும்பப் போடுவதும் வேண்டாம், அதன் உள்வளையம் பிடியை இழந்திருக்கும். கம்பி இரண்டு முனையிலும் தாராளமாக ஆட வேண்டும். நட்டைக் கல்லு மாதிரி இறுக்கினால் மோட்டார் திரும்பும்போது கம்பி வளையும். படகு ஓடும்போது இந்த ஒரு போல்ட் கழன்றால் மோட்டார் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். அதனால் இதை நான் மாட்டிவிட்டு, மச்சானைக் கூப்பிட்டு அவரையும் ஒரு தரம் பார்க்கச் சொன்னேன். அவருக்கு நட்டும் தெரியாது, போல்ட்டும் தெரியாது. ஆனால் வேறொரு கண்.

பிறகு மோட்டாரை முழுக்க இறக்கி இரண்டு ஓரமும், முழுக்கத் தூக்கி இரண்டு ஓரமும் திருப்பிப் பார்த்தேன். தூக்கிய நிலையில் முழு வலதில் தண்டின் முனை கடைசிப் பலகையின் உதட்டை உரசியது. அந்த இடத்தில் ஃபைபரை ஒரு விரல் அகலத்துக்குத் தேய்த்துவிட வேண்டியதாயிற்று. தரையிலேயே தெரிந்தது நல்லதாகப் போயிற்று.

தண்ணீரில்

முதல் ஓட்டம் பழைய துறைமுகத்து அமைதியான தண்ணீரில், மெதுவான வேகத்தில். நிறுத்து கயிறு கையில். முன்னே, பின்னே, இரண்டு ஓரமும் முழுத் திருப்பம். பழைய பெட்டியில் ஓரத்துக்கு ஓரம் மூன்று சுற்றுக்குள் முடிந்தது, புதுசில் நாலு சுற்று வருகிறது. முதல் அரை மணி நேரம் திருப்பம் போதாமல் சுவரை நெருங்கியது போலவே இருந்தது.

வேகம் கூட்டியதும் வலது பக்கம் திருப்புவது லேசாகவும் இடது பக்கம் கனமாகவும் இருந்தது. இதற்கும் ஸ்டியரிங் பொறுப்பில்லை. புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டையான தகட்டின் அடியில், சின்னத் துடுப்பு மாதிரி ஒரு துண்டு தொங்கும். அதன் போல்ட்டைத் தளர்த்தித் திருப்பலாம். படகு வலது பக்கம் இழுத்தால் அந்தத் துண்டின் பின்முனையை வலது பக்கம் திருப்ப வேண்டும், இடது பக்கம் இழுத்தால் இடது பக்கம். கொஞ்சமாகத் திருப்பி ஓட்டிப் பார்த்து, திரும்பத் திருப்பி, எனக்கு மூன்றாவது முறையில் சரியாயிற்று. அந்தத் துண்டுக்குப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். பல மோட்டார்களில் அதுதான் மற்ற பாகங்கள் அரிக்காமல் தான் கரைகிற துத்தநாகத் துண்டும்கூட.

இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு எல்லா நட்டையும் திரும்பத் தொட்டுப் பார்த்தேன். டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒன்று கால் சுற்று இறுக்கம் வாங்கியது.

இப்போது மாதம் ஒரு தடவை கிரீஸ். இதிலும் ஒரு முறை இருக்கிறது. டில்ட் குழாயில் கிரீஸ் அடிக்குமுன் தண்டு முழுக்க உள்ளே போயிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது அடித்தால் உள்ளே கிரீஸ் நிரம்பி, தண்டு திரும்பி வர இடமில்லாமல் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். என் படகில் சக்கரத்தை முழுக்க இடது பக்கம் சுற்றினால் தண்டு உள்ளே போகும். கரையில் விட்டுப் போகும்போதும் அதே நிலையில்தான் விடுகிறேன், தண்டின் பளபளப்பான பாகம் உப்புக் காற்றில் காய வேண்டாம் என்று. கிரீஸ் அடித்த தேதியை மோட்டார் மூடியின் உட்பக்கம் மார்க்கரால் எழுதி வைக்கிறேன். பழைய 12 அடிக் கேபிளை வெட்டி எடுத்த மிச்சம் மொட்டைமாடியில் துணிக் கொடியாக இருக்கிறது. அம்மாவும் பேச ஆரம்பித்துவிட்டார்.